பல்கலைக்கழக நூலக அமைப்பை வழிநடத்துதல்: எதை மையம் தீர்மானிப்பது, எதைக் கிளைகளிடம் விடுவது?

புதுப்பொறுப்பு எழுதியது:

ஒரு மைய நூலகமும் வெவ்வேறு வளாகங்களில் உள்ள துறை நூலகங்களும் சேர்ந்த பல்கலைக்கழக நூலக அமைப்பின் தலைமைப் பொறுப்பு வரும் கல்வியாண்டில் என்னிடம் வருகிறது. வாசகர் சேவைப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியிருக்கிறேன். ஆனால் ஒரு நூலகத்தை நடத்துவதும் பல நூலகங்களை ஓர் அமைப்பாக நடத்துவதும் வெவ்வேறு வேலைகள் என்பது பொறுப்பேற்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. துறைத் தலைவர்கள் தங்கள் நூலகம் தங்கள் கையில்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். நிதிப் பிரிவோ எல்லாவற்றையும் மையத்துக்குக் கொண்டுவந்தால் செலவு குறையும் என்கிறது. ஆய்விதழ்ச் சந்தா ஆண்டுதோறும் ஏறி, நூல் வாங்குவதற்கான தொகையைத் தின்கிறது. இவற்றோடு, நூலடுக்குகளை அகற்றிவிட்டு மாணவர் அமர்ந்து படிக்க இடம் தர வேண்டும் என்ற கோரிக்கையும் காத்திருக்கிறது.

இத்தகைய அமைப்புகளில் பணியாற்றியவர்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றே. எவற்றை மையம் தீர்மானிக்க வேண்டும், எவற்றில் மையம் கைவைக்கக் கூடாது?

மூத்த_நூலகர் எழுதியது:

வாழ்த்துகள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசகர் எந்தக் கிளையின் வாசலில் நுழைந்தாலும் ஒரே விதமாகக் கிடைக்க வேண்டியவற்றை மையம் ஏற்க வேண்டும். வாசகரையும் அவருடைய பாடத்தையும் நேரில் அறிந்து செய்ய வேண்டியவற்றைக் கிளையிடம் விட வேண்டும். நூற்பட்டியல், உறுப்பினர் பதிவு, இரவல் விதிகள், மென்பொருள், உரிம ஒப்பந்தங்கள், பேரிடர்க் காப்பு ஆகியவை முதல் வகை. நூல் தேர்வு, திறந்திருக்கும் நேரம், ஆய்வு மாணவருக்கான வழிகாட்டல், வாசிப்பறையின் ஒழுங்கு ஆகியவை இரண்டாம் வகை.

இரவல் விதிகள் சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கிளையில் பதினைந்து நாள், இன்னொன்றில் முப்பது நாள், ஒன்றில் தாமதக் கட்டணம், மற்றொன்றில் இல்லை என்றிருந்தால், இரண்டு துறைகளுக்கு நடுவே ஆய்வு செய்யும் மாணவர்தான் அதற்கான விலையைக் கொடுக்கிறார். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்று, நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலகவியல் விதிகளுள் நான்காம் விதியை நாம் தேர்வுத்தாளில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். ஓர் அமைப்பின் தலைமைக்கு அதுவே அன்றாட அளவுகோல். ஒரு கிளையில் எடுத்த நூலை எந்தக் கிளையிலும் திருப்பித் தர முடிகிறதா, வேறு வளாகத்து நூல் கேட்டவரின் கைக்கு மறுநாள் வந்து சேர்கிறதா என்று பாருங்கள். கிளைகளுக்கிடையே நூல்களை ஏற்றிச் செல்லும் அந்த வண்டி ஒழுங்காக ஓடாத இடத்தில், பொதுவான பெயர்ப்பலகை மட்டுமே இருக்கும், அமைப்பு இராது.

மையமும் கிளையும் பொறுப்பைப் பிரித்துக்கொண்டதற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஆழ்ந்து கற்கத் தக்க எடுத்துக்காட்டு. பத்து வளாகங்களிலும் தனித்தனி நூலகத் தலைமை உண்டு. ஆனால் மின்னிதழ், மின்னூல் போன்ற மின்வளங்களின் உரிமங்களைப் பொதுவாகப் பேசுவதற்கும் மின்னணுச் சேவைகளுக்கும் 1997-இல் கலிபோர்னியா மின்னணு நூலகம் என்ற தனி அமைப்பை நிறுவினார்கள். குறைவாகப் பயன்படும் அச்சு நூல்களுக்கு வடக்கில் ஒன்றும் தெற்கில் ஒன்றுமாக இரண்டு வட்டாரக் காப்பகங்கள் உள்ளன. பத்து வளாகங்களும் ஒரே நூலக மென்பொருளுக்கு மாறியது 2021-இல்தான். உரிமம் பேசுவதில் ஒன்றுபட்ட பிறகு பட்டியல் ஒன்றாவதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது. முதல் ஆண்டிலேயே எல்லாவற்றையும் ஒன்றாக்கச் சொல்லி உங்களை நெருக்குபவர்களிடம் இந்தக் கால இடைவெளியை எடுத்துக்காட்டுங்கள்.

வரலாற்றுத்துறை எழுதியது:

நான் நூலகர் அல்லன். நூலகத்தை நம்பி வாழும் பேராசிரியர். மூத்த நூலகர் ஐயா வகுத்த எல்லைக்கோட்டை மறுக்கவில்லை. ஆனால் நடைமுறையில் அந்தக் கோடு நகர்ந்துகொண்டே இருப்பதைச் சொல்ல வேண்டும். நூல் தேர்வு கிளைக்கு உரியது என்று எழுதி வைப்பார்கள். அடுத்த ஆண்டு கொள்முதலை மையப்படுத்துவார்கள். அதற்கடுத்து, பதிப்பக வாரியாகவும் பாட வாரியாகவும் முன்கூட்டியே வரையறுத்த திட்டத்தின்படி விற்பனையாளரே நூல்களை அனுப்பிவிடும் ஏற்பாடு வரும். யாரும் கிளை நூலகரின் உரிமையைப் பறிக்கவில்லை. தேர்ந்தெடுக்க அவரிடம் எதுவும் எஞ்சவில்லை, அவ்வளவுதான். பெரிய பதிப்பகங்களின் நூல்கள் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் ஒன்றுபோல நிறைகின்றன. சிறு பதிப்பகங்கள், சிறு மொழிகள், கருத்தரங்கத் தொகுதிகள், விற்பனையாளரின் பட்டியலுக்குள் வராத ஆவணங்கள் ஆகியவை எங்கும் சேர்வதில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. தேர்வு கிளையிடம் இருக்கட்டும் என்றால், அதற்கான பணமும் ஒரு பகுதியாவது கிளையிடம் இருக்க வேண்டும். மையத்திடம் ஒப்புதல் கேட்காமல் செலவிடத் தக்க ஒரு தொகை, அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், பாடப்பொறுப்பு நூலகரின் அறிவுக்கு நீங்கள் தரும் மதிப்பை அவருக்கு உணர்த்தும்.

சந்தா_மேசை எழுதியது:

மின்வள உரிமங்களைப் பல ஆண்டுகளாகக் கவனிப்பவள் என்ற முறையில் சந்தாவைப் பற்றி எழுதுகிறேன். அமைப்பின் தலைமையில் இருப்பவர் நேரடியாகத் தம் கையில் வைத்திருக்க வேண்டிய ஒன்று இருக்குமானால், அது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் இங்கே எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருப்பவர்கள் ஒரு சில பெருநிறுவனங்கள். நம் பக்கத்தில் ஒவ்வொரு கிளையும் தனித்தனியே பேசினால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விலை.

ஒரு பதிப்பகத்தின் எல்லா இதழ்களையும் ஒரே கட்டாக வாங்கும் ஒப்பந்தங்களில், எந்த இதழ் தேவை என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நம்மிடம் இல்லை. விலை உயர்வின் விழுக்காடு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். பல்கலைக்கழகத்தின் நிதி குறைந்தாலும் கட்டு குறையாது. எனவே வெட்டு முழுவதும் தனிநூல்களின் மீது விழுகிறது. ஆர்வர்டு பல்கலைக்கழகமே 2012-இல் தன் பேராசிரியர்களுக்கு எழுதிய குறிப்பில், சில பெரும் பதிப்பகங்களின் இதழ்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 37.5 லட்சம் டாலர் செலவாகிறது, இந்த நிலையைத் தொடர முடியாது என்று அறிவித்தது. நிதிவளத்தில் முதல் வரிசையில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் நிலையே அதுவென்றால் மற்றவற்றைச் சொல்ல வேண்டியதில்லை.

விலகுவது இயலாத செயல் அன்று. கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரி இறுதியில் எல்செவியர் என்ற பெரும் ஆய்விதழ்ப் பதிப்பகத்துடனான பேச்சை முறித்துக்கொண்டது. ஏறத்தாழ ஈராண்டு கழித்து, 2021 மார்ச்சில், வாசிக்கும் உரிமையையும் தன் ஆசிரியர்களின் கட்டுரைகளைத் திறந்த அணுகலில், அதாவது யாரும் கட்டணமின்றிப் படிக்கும்படி, வெளியிடும் உரிமையையும் ஒரே ஒப்பந்தத்தில் பெற்றது. ஜெர்மனியில் பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடிப் பேசிய கூட்டமைப்பு 2019-இல் வைலி பதிப்பகத்துடனும் 2020-இல் ஸ்பிரிங்கர் நேச்சர் பதிப்பகத்துடனும் ஒப்பந்தம் செய்தது. எல்செவியருடன் உடன்பாடு எட்ட 2023 வரை காத்திருந்தது. இந்த முடிவுகளைவிட இவற்றுக்கு முன்னால் நடந்த ஆயத்தம் நமக்குப் பாடம். கலிபோர்னியாவில் பேச்சு முறிவதற்கு முந்தைய ஆண்டே பேராசிரியர் மன்றத்தின் நூலகக் குழு, பேச்சுவார்த்தைக்கான கொள்கைகளைத் தானே வகுத்து வெளியிட்டிருந்தது. எனவே அணுகல் நின்றபோது, நூலகம் எங்கள் இதழ்களைப் பறித்துவிட்டது என்ற குரலைவிட, நாங்கள் எடுத்த நிலைப்பாட்டில் நூலகம் உறுதியாக நிற்கிறது என்ற குரல் வலுவாக எழுந்தது.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் நீங்கள் படிக்க வேண்டிய பிரிவுகள் சில உண்டு. சந்தாவை நிறுத்திய பிறகும் நாம் பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களைப் படிக்கும் நிலையான உரிமை இருக்கிறதா? பதிப்பகம் மூடப்பட்டாலோ கைமாறினாலோ இதழ்களைக் காக்க லாக்ஸ், போர்ட்டிகோ போன்ற காப்பு ஏற்பாட்டில் அது சேர்ந்திருக்கிறதா? பிற நூலகத்துக்குக் கட்டுரை அனுப்ப இடமுண்டா? உரைகளைக் கணினியால் ஆராய நம் ஆய்வாளர்களுக்கு அனுமதி உண்டா? விலையை வெளியிடக் கூடாது என்ற பிரிவு இருந்தால் அதை ஏற்காதீர்கள்; அந்த ஒரு பிரிவே அடுத்த நூலகத்தையும் இருட்டில் வைக்கிறது.

மின்னூல்களிலும் இதே நிலை வருகிறது. நூலகங்களுக்கு மின்னூல்களை விற்கும் கிளாரிவேட் நிறுவனம் 2025 பிப்ரவரியில், நூல்களை ஒருமுறை விலை கொடுத்து நிலையாக வாங்கும் முறையைக் கைவிட்டுச் சந்தா முறைக்கு மாறப்போவதாக அறிவித்தது. நூலகர்களின் எதிர்ப்புக்குப் பின் காலக்கெடுவைத்தான் தள்ளிவைத்தது, முடிவை அல்ல. நூலகத்தின் சேகரம் என்பதே வாடகைப் பொருளாக மாறுமானால், ஐம்பது ஆண்டு கழித்து வரும் ஆய்வாளருக்கு நாம் எதை விட்டுச் செல்வோம் என்ற கேள்வி என்னை உண்மையாகவே வருத்துகிறது.

புதுப்பொறுப்பு எழுதியது:

மிக்க நன்றி, அம்மா. ஒரு தெளிவு வேண்டும். எந்த இதழை நிறுத்துவது என்று முடிவெடுக்க, ஒரு பதிவிறக்கத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்ற கணக்கை மட்டும் நிதிப் பிரிவு கேட்கிறது. அது போதுமா?

சந்தா_மேசை எழுதியது:

போதாது, ஆனால் அது இல்லாமலும் பேச முடியாது. 2002-இல் தொடங்கிய கவுன்ட்டர் என்ற பொது நெறிமுறைப்படி பதிப்பகங்கள் பயன்பாட்டு எண்களைத் தருகின்றன. ஒரே வாசகர் ஒரே கட்டுரையை இணையப்பக்கமாகவும் பிடிஎஃப் ஆகவும் திறந்தால் இரண்டாகக் கணக்கிடப்பட்ட காலம் இருந்தது. 2019-இல் நடைமுறைக்கு வந்த ஐந்தாம் பதிப்பில் தனித்த கோரிக்கைகளைப் பிரித்துப் பார்க்கலாம். அந்த எண்ணையே கேளுங்கள். உரிமம் இல்லாததால் வாசகர் திருப்பியனுப்பப்பட்ட எண்ணிக்கையையும், அந்த இதழில் நம் ஆசிரியர்கள் எழுதியதையும் மேற்கோள் காட்டியதையும், அதன் கட்டுரைகளில் எத்தனை ஏற்கெனவே திறந்த அணுகலில் கிடைக்கின்றன என்பதையும் அருகில் வையுங்கள். மூன்று ஆண்டு எண்கள் இல்லாமல் எந்த இதழையும் தீர்ப்புக்குக் கொண்டுவராதீர்கள்.

வரலாற்றுத்துறை எழுதியது:

பயன்பாட்டு எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 1979-இல் வெளியான ஆய்வு, 1969-இல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு முதல் ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவலாகச் செல்லவில்லை என்று கண்டது. அந்த எண் அன்றிலிருந்து நூல் வாங்கும் தொகையை வெட்ட நினைப்பவர்களுக்கெல்லாம் கருவியாகிவிட்டது. ஆனால் அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்களே அதன் முறையை உடனடியாக மறுத்து எழுதினார்கள் என்பதை யாரும் எடுத்துக் கூறுவதில்லை. வாசிப்பறையில் எடுத்துப் படித்துவிட்டு மேசையிலேயே வைத்துச் செல்லப்படும் நூல் இரவல் பதிவில் ஏறாது. வரலாற்றிலும் இலக்கியத்திலும் முப்பது ஆண்டு உறங்கிய நூல் ஒரே ஆய்வேட்டுக்கு உயிர் தருவதுண்டு. மருத்துவ இதழுக்குப் பொருந்தும் அளவுகோலால் எங்கள் துறையின் நூல்களை அளக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

காப்பறை எழுதியது:

பேராசிரியரின் கவலை நியாயமானது. எனினும் கட்டடத்தின் கொள்ளளவும் ஓர் உண்மை. அதை மறுத்தால் நூல்கள் அடித்தளத்திலும் தாழ்வாரத்திலும் குவியும். நூலை வைத்திருப்பதும் அதை நெரிசலான மைய நூலகத்திலேயே வைத்திருப்பதும் வெவ்வேறு முடிவுகள் என்று பிரித்துக் கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

ஆர்வர்டு 1986-இல் தொடங்கிய சேமிப்பகத்தின் முறை இன்று பல இடங்களில் பின்பற்றப்படுகிறது. அங்கே நூல்கள் பாட வரிசையில் அல்லாமல் உயர அளவுப்படி தட்டுகளில் அடுக்கப்பட்டு, பார்கோடு கொண்டு கண்டெடுக்கப்படுகின்றன. குளிரும் ஈரப்பதமும் தாளுக்கு ஏற்றபடி கட்டுப்படுத்தப்படுவதால் ஆயுளும் நீள்கிறது. கொலம்பியா, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் நியூயார்க் பொது நூலகமும் 2002 முதல் ஒரே சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. 2019-இல் ஆர்வர்டும் அதில் சேர்ந்தது. இடத்தைப் பகிர்ந்ததோடு அவர்கள் நிற்கவில்லை. ஒருவர் சேகரத்தை மற்றவர் வாசகர் தமது போலவே கேட்டுப் பெறுகிறார். அந்நிலை வந்த பிறகுதான், ஒரே நூலின் நான்கு படிகளில் எதை வைப்பது, எதை விடுவது என்ற பேச்சுக்கு அறம் இருக்கிறது.

நூல்களைக் கழிக்கும்போது நான் விட்டுக்கொடுக்காத நிபந்தனைகள் உண்டு. அமைப்பில் உள்ள கடைசிப் படியைக் கிளை நூலகர் தனியே முடிவெடுத்துக் கழிக்கக் கூடாது. கழிக்க இருப்பவற்றின் பட்டியல் முழுப் பருவமும் துறையினரின் பார்வைக்கு இருக்க வேண்டும். யார் ஒரு நூலைக் காக்கச் சொன்னாலும் காரணம் கேட்காமல் அது காக்கப்பட வேண்டும். அப்படிக் காக்கப்படுபவை, நிர்வாகம் அஞ்சுவதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது என் அனுபவம். இரவில் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுக் காலையில் அறிவிப்பு ஒட்டும் வழக்கம்தான் நூலகத்தின் மீதான நம்பிக்கையை ஒரு தலைமுறைக்கு அழித்துவிடுகிறது.

அடித்தளத்தைப் பற்றிச் சொன்னேன். ஹவாய் பல்கலைக்கழகத்தின் மனோவா வளாகத்தில் 2004 அக்டோபர் 30 அன்று ஓடை பெருகி நூலகத்தின் கீழ்த்தளம் மூழ்கியது. நிலப்படங்களும் அரசு ஆவணங்களும் அங்கேதான் இருந்தன. நனைந்தவற்றை உறைய வைத்து, பின்னர் பகுதி பகுதியாக மீட்டார்கள். கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் வாசிப்பறையை 2021 ஏப்ரல் 18 அன்று மலைத்தீ எரித்தது. நிலவறைச் சேகரத்தின் பெரும்பகுதி தீயிலிருந்து தப்பினாலும் தீயணைத்த நீரால் நனைந்தது. உங்கள் அமைப்பில் ஈடுசெய்ய முடியாதவை எந்தத் தளத்தில் இருக்கின்றன, குழாய்கள் அவற்றின் மேல் செல்கின்றனவா, நனைந்த தாளை உறைய வைக்கும் குளிர்கிடங்கு யாரிடம் இருக்கிறது என்பவற்றைப் பொறுப்பேற்ற முதல் பருவத்திலேயே நேரில் நடந்து பார்த்துவிடுங்கள். இதை வேறு யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.

பட்டியலாளர் எழுதியது:

பேரிடர் என்றதும் நீரும் நெருப்பும் மட்டும் நினைவுக்கு வருகின்றன. பல்கலைக்கழக நூலகம் அல்லவென்றாலும், பிரிட்டிஷ் நூலகத்துக்கு 2023 அக்டோபரில் நேர்ந்த இணையத் தாக்குதலை இங்கே குறிப்பிட வேண்டும். அதன் நூற்பட்டியல் அடுத்த ஜனவரியில்தான், அதுவும் தேடிப் பார்க்க மட்டும் கூடிய வடிவில், திரும்ப வந்தது. மீட்சி நீண்டதற்குக் காலாவதியான மென்பொருள்கள் பெருங்காரணம் என்று 2024 மார்ச்சில் தானே வெளியிட்ட அறிக்கையில் அந்நூலகம் ஒளிவுமறைவின்றி எழுதியது. அந்த அறிக்கையை உங்கள் கணினிப் பிரிவோடு சேர்ந்து படியுங்கள்.

நான் எழுத வந்தது பணியாளர்களைப் பற்றி. பட்டியல்களை ஒன்றிணைக்கும் முடிவு மேலிருந்து வரும்போது, தரவை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றும் வேலையாகவே அதை நிர்வாகம் காண்கிறது. உண்மையில் ஒவ்வொரு கிளையும் பல ஆண்டுகளாகச் செய்த தீர்ப்புகள் அந்தப் பதிவுகளுக்குள் இருக்கின்றன. ஒரே ஆசிரியர் நான்கு பெயர் வடிவங்களில் இருப்பார். ஒரு கிளை தன் பாடத்துக்காக வகுப்பெண்ணை விரித்திருக்கும். யார் கொடுத்த நன்கொடை, எந்த நிபந்தனையோடு என்பது ஒரு குறிப்புப் புலத்தில் மட்டும் பதிவாகியிருக்கும். தானியங்கி இணைப்பில் முதலில் அழிவது அந்தக் குறிப்புகளே. ஆகவே மென்பொருள் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்யும் முன்பே, எந்தப் புலத்தை யார் சரிபார்ப்பது என்று கிளைப் பட்டியலாளர்கள் கூடிப் பேசும் குழுவை அமையுங்கள். அக்குழுவின் தலைமை மைய நூலகத்தவரிடம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிளையில் உள்ள ஒருவர் தலைமை ஏற்றபோது வேலை விரைவாகவும் மனக்கசப்பின்றியும் நடந்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஓய்வுபெறுபவரின் இடத்தை நிரப்பாமலேயே விட்டு, அந்தப் பணி இனித் தேவையில்லை என்று பிறகு அறிவிப்பதும் ஒரு வகை ஆட்குறைப்பே. அப்படி ஒரு முடிவு தேவையானால் அதை முடிவாகவே எடுத்து, காரணத்தோடு சொல்லுங்கள்.

புதுப்பொறுப்பு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. ஒரு சிறிய துறை நூலகத்தை மூடி மையத்தோடு இணைக்கும் முன்மொழிவு எனக்கு முன்பிருந்தே மேசையில் இருக்கிறது. அதை ஏற்பதா, மறுப்பதா என்பதைவிட, எந்த வழியில் முடிவு எடுப்பது என்பதே என் குழப்பம்.

வரலாற்றுத்துறை எழுதியது:

மூட வேண்டாம் என்று சொல்வேன் என எதிர்பார்ப்பீர்கள். சில துறை நூலகங்கள் மூடத் தக்கவையே. பூட்டிய அலமாரியும், ஒரே பணியாளரின் விடுப்பில் மூடிக் கிடக்கும் கதவும் யாருக்கும் பயன்படுவதில்லை. ஆனால் அந்தச் சேகரம் மையத்துக்கு வரும்போது அதை அறிந்த நூலகரும் உடன் வர வேண்டும், வாரத்தில் சில நாள் துறையிலேயே அவர் அமர்ந்து வழிகாட்ட வேண்டும்.

மூத்த_நூலகர் எழுதியது:

வழியைப் பற்றிச் சொல்கிறேன். நூலகக் குழு என்பது பல இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை கூடி நன்றி நவின்று கலையும் அமைப்பாகிவிட்டது. உங்கள் குழுவில் ஆய்வு மாணவர் ஒருவரும் கிளை நூலகர் ஒருவரும் வாக்குரிமையோடு இருக்கிறார்களா என்று பாருங்கள். முன்மொழிவோடு, மூடாவிட்டால் ஆகும் செலவையும் மூடினால் ஆகும் செலவையும், மிச்சமாகும் தொகை எந்தத் தலைப்புக்குப் போகும் என்பதையும் எழுத்தில் அவர்கள் முன் வையுங்கள். மூன்றாவது விவரம் இல்லாத முன்மொழிவைக் கூட்டத்துக்கே எடுத்துச் செல்லாதீர்கள். கிளையை மூடி மிச்சப்படுத்திய பணம் பொது நிதியில் கரைந்துபோவதைக் கண்ட துறையினர் அடுத்த முறை எந்த இணைப்பையும் ஏற்க மாட்டார்கள், அவர்கள் ஏற்க வேண்டிய காரணமும் இல்லை.

இதற்கெல்லாம் முன்பாக, பொறுப்பேற்கும் ஆணையில் கையெழுத்திடும்போதே ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள். கல்வித்துறை முடிவுகளை எடுக்கும் உயர்நிலையில் உள்ளவரிடமே நூலகத் தலைமை நேரடியாக அறிக்கை தர வேண்டும். நிதிப் பிரிவின் கீழோ கட்டடப் பிரிவின் கீழோ நூலகம் வைக்கப்பட்ட இடங்களில், புதிய படிப்பு தொடங்கும் செய்தி மாணவர் சேர்க்கை முடிந்த பிறகே நூலகத்துக்கு எட்டுகிறது. அந்தப் படிப்புக்கான நூலும் இதழும் ஓர் ஆண்டு பிந்தி வருகின்றன. புதிய படிப்புக்கான ஒவ்வொரு முன்மொழிவிலும் அதற்கு வேண்டிய நூலகச் செலவைக் குறிப்பிடும் ஒரு பத்தியும் அதன் கீழ் உங்கள் கையொப்பமும் இடம்பெற வேண்டும் என்ற விதியைக் கல்விக்குழுவில் நிறைவேற்றிக்கொள்ளுங்கள். பொறுப்பேற்ற பின் கேட்பதைவிட இப்போது கேட்பது எளிது.